மூன்று கை ஆற்றுத் தண்ணீர்

தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மற்ற அண்ணன்காரர்கள் மீனுக்கும் நாற்காலிக்கும் அலைவார்கள். நான் சாக்கடைக்குப் பின்னால் அலைந்தேன். முகம் சுளிக்க வேண்டாம், என் பிழைப்பே அதுதான். டைகிரிஸ் கரையில், எங்கள் ஊரின் பாதிச் சாக்கடை வந்து விழும் கிணற்றின் மேல் ஒரு பம்ப் ஹவுஸ் இருக்கிறது. அதில் நானும் அபூ கர்ராரும் முறைவைத்து வேலை பார்க்கிறோம். கரண்ட் இருந்தால் பம்ப் ஓடும், சாக்கடை ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்புக் குட்டைகளுக்குப் போய்விடும். கரண்ட் போனால் கிணறு நிறையும். நிறைந்தால் மதகுச் சக்கரத்தைத் திருகி ஆற்றில் விட வேண்டும், இல்லையென்றால் அது கஸ்ரா பேட்டைத் தெருக்களில் ஏறும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானும் அதைத்தான் செய்தேன். ஜூன் மாதத்தில் எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு வாய் கெட்டுவிடும்.

அந்த மதகுக்குக் கீழே, ஆறு ஒரு வளைவு திரும்பியதும், எங்கள் கோயில் துறை வருகிறது. நாங்கள் மண்டேயர்கள், பழைய சின்ன மதம். ஊரில் எங்களை ஸுப்பி என்பார்கள், முங்குகிறவன் என்று அர்த்தம். சரியான பெயர்தான். பிறந்தாலும் முங்க வேண்டும், கல்யாணம் என்றாலும் முங்க வேண்டும், அதுவும் ஓடுகிற ஆற்றில். மாப்பிள்ளையும் பெண்ணும் வெள்ளை உடுத்தி இடுப்பளவு தண்ணீரில் நிற்க, குருவானவர் மூன்று முறை முக்குவார். அப்புறம் தன் கையாலேயே ஆற்றை அள்ளி மூன்று கை குடிக்கக் கொடுப்பார். குடித்தால்தான் சடங்கு முடிந்ததாகக் கணக்கு.

என் தங்கை லமீஸ் அந்த மூன்று கையைக் குடித்தால் செத்துப்போவாள். பயத்தில் சொல்லவில்லை, டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. அம்மா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். பாக்தாதில் ஆபரேஷன் நடந்தது. அம்மாவின் கிட்னியை அவள் உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை போட வேண்டும். கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்க வேண்டிய சக்தியையும் அந்த மாத்திரையே தூங்கவைத்துவிடும். "கொதிக்கவச்சு ஆறின தண்ணியத் தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது. பச்சைக் காய்கூட வேண்டாம்" என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா ஒரு வெள்ளரிக்காயைக்கூட வீட்டு வாசல் ஏற விடவில்லை.

மாப்பிள்ளை ஸர்மத் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தான். கல்யாணம் நிச்சயமானதுமே யாரிடமும் சொல்லாமல் குரு ஷேக் முஹன்னாவின் வீட்டுக்குப் போனேன். இடுப்பு வரை வெள்ளைத் தாடி, கோபமே வராத மனுஷர்.

"ஷேக், அவளுக்கு மட்டும் பாட்டில் தண்ணி குடுக்கலாமா?"

"பாட்டில்ல அடைச்சது செத்த தண்ணிடா, நாஹி."

"ஆத்துத் தண்ணியவே கொதிக்கவச்சு?"

"கொதிக்கவச்சா மட்டும் உசிரோட இருக்குமா?" தாடியைக் கோதினார். "அந்தப் பொண்ணு உடம்பு எனக்குத் தெரியாதா? உதடு நனைஞ்சா போதும், நான் பாத்துக்குறேன். ஆனா அது ஆத்துத் தண்ணியா இருக்கணும்."

நான் நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். ஷேக் சொன்னதைச் சொன்னதும் லமீஸ் அந்த நிம்மதியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

"டயாலிசிஸ் கட்டில்ல கெடந்தப்ப அந்த ஆத்துக்கிட்டதான் அண்ணே உசிரைக் கேட்டேன். இப்ப உதட்டை நனைச்சு ஏமாத்தச் சொல்றியா? மூணு கையும் முழுசாக் குடிப்பேன்."

"தண்ணியில என்னென்ன இருக்கோ."

"உனக்கு என்ன தெரியும் தண்ணியப் பத்தி? நீ பம்பைப் பாரு, போ."

எனக்கு என்ன தெரியும். வீட்டில் பம்ப் பார்க்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். மதகைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை. ஓடுகிற தண்ணீருக்கு அழுக்கு ஒட்டாது என்று நம்புகிற குடும்பத்தில் இதை எந்த வாயால் சொல்வது?

சரி, அவள் ஆற்றைத்தான் குடிப்பாள் என்றால் அந்த ஒரு காலைக்கு ஆறு சுத்தமாக இருக்கட்டும் என்று முடிவு பண்ணினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது. ஏதோ ஆறு என் வீட்டுத் தொட்டி மாதிரி. ஆனால் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

முதலில் ஜப்பாரிடம் போனேன். வீட்டுக் கக்கூஸ் குழிகளை உறிஞ்சி எடுக்கிற லாரி அவனுடையது. நிறைந்ததும் பழைய பாலத்துக்கு ஓட்டிப்போய், பின்பக்கம் திருப்பி, குழாயை ஆற்றுக்குள் விட்டுவிடுவான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கு மட்டும் பாலத்துல கொட்டாத ஜப்பார்."

"பின்ன எங்க கொட்ட, உன் மாமியா வீட்டுலயா? குட்டை வரைக்கும் போக டீசல் யாரு ஊத்துவா?"

"நான் ஊத்துறேன்."

"அப்ப உன் மாமியா தப்பிச்சா" என்றான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அடுத்து உம் ஸத்தார். மேல் துறையில் எருமை வைத்திருக்கிறாள், அவள் விற்கிற பாலாடை இல்லாமல் ஊரில் காலைப் பலகாரம் கிடையாது. வெயில் ஏறினால் அவளுடைய எருமைகள் அத்தனையும் ஆற்றில்தான் கிடக்கும். ஞாயிறு காலை மட்டும் கொட்டிலில் கட்டிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஏன்?"

"அது... தண்ணியிலேயே எல்லாம் போகுதுங்களே."

"போகாம? நான் என்ன பின்னாடியே சட்டி பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். கடைசியில் கல்யாண மீனில் ஒரு பெரிய துண்டு அவள் வீட்டுக்கு வரவேண்டும் என்ற பேச்சில் சம்மதித்தாள். படித்துறையில் குடல் கழுவுகிற கசாப்புக்காரனையும் கையைக் காலைப் பிடித்துச் சரிக்கட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலும் ஒரு குழாய் ஆற்றில் விழுகிறது. அங்கே காவலாளி என்னை உள்ளேயே விடவில்லை. அது ரொம்ப மேலே இருக்கிறது, இவ்வளவு தண்ணீரில் கரைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன்.

மிச்சம் என் மதகு. ஞாயிறு முறை அபூ கர்ராருக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் சும்மா இருக்காது. "நீங்க ஆத்துல முங்குங்கடா ஸுப்பிகளா, நான் மேலேருந்து மசாலா அனுப்புறேன்" என்று வருஷக்கணக்காகக் கிண்டல் பண்ணுகிறவர். அன்று நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை.

"கரண்ட் போனா?"

"ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வச்சிருக்கேன். மதியம் வரைக்கும் மதகைத் தொடாதீங்கண்ணே. அது போதும்."

"கிணறு மேல வந்தா முதல்ல எங்க தெருவுலதான்டா ஏறும். தெரியும்ல?"

"தெரியும்."

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்தார். "உன் தங்கச்சி என் தங்கச்சி. தொடமாட்டேன், போ."

ஞாயிற்றுக்கிழமை துறை முழுக்க வெள்ளை உடைகள். ஆற்றைப் பார்த்தேன். பச்சையாக, அமைதியாக, என்றைக்கும் போலத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் முறை முதலில். ஷேக் முஹன்னா ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாக ஓதிக்கொண்டிருந்தார். எங்கள் சடங்கில் ஒரு சொல்லை விழுங்க முடியாது, விழுங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா காய்ந்த துண்டோடு கரையில் நின்றாள். நான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் அழைப்பில், "கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடுது, கவலைப்படாத" என்றார் அபூ கர்ரார். கவலைப்படாமல் இருக்க முடியுமா? இரண்டாவது அழைப்பில், "சூடாயி நின்னுபோச்சுடா. தண்ணி ஊத்திப் பாக்குறேன்" என்றார். அப்புறம் சத்தமே இல்லை. நான் அடித்தால் எடுக்கவில்லை. ஜூன் மாத ஆறு மெதுவாகத்தான் நகரும். மதகில் விழுந்தது வளைவு தாண்டி இங்கே வர ஒரு டீக்கடை அரட்டை நேரம் ஆகும். அதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை கரையேறினான். லமீஸ் இறங்கினாள். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். ஷேக் அவள் தலையில் கைவைத்து மூன்று முறை முக்கி எடுத்தார். அவள் மூச்சு வாங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து மூன்று வருஷமாகிறது.

அப்போது போன் அடித்தது.

"தம்பி." அவர் குரலுக்குப் பின்னால் பெண்கள் கத்துகிற சத்தம். "வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் வந்துருச்சு. மருமக கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டுக் கட்டில்மேல நிக்குறா. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கழட்டின கதவுல படுக்கவச்சுத் தூக்குறாங்க. நான் திறந்துட்டேன்டா."

"இப்பவா?"

"இல்ல. முன்னாடியே. உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

"முன்னாடின்னா எப்ப, அண்ணே? எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெரியலடா. கடிகாரத்தப் பாக்குற நிலைமையா இது?"

நிமிர்ந்தபோது ஷேக் இரண்டாவது கையை அவளுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அவள் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்தேன். மூன்றாவது கைக்காக அவர் குனிந்தார். செருப்போடு, கால்சட்டையோடு, ஆற்றுக்குள் ஓடி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

சடங்குக்கு வெளியே நிற்கிற ஒருவன் சடங்கில் இருக்கிற குருவைத் தொட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சடங்கு செத்தது. அவருடைய சுத்தமும் போனது. அவரையே இன்னொரு குரு வந்து முக்கி எடுக்கும் வரை அவர் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. அவர் கையிலிருந்த தண்ணீர் விரல் வழியாக வடிந்துபோனது.

"என்னடா பண்ணிட்ட?" என்றார் ஷேக். திட்டவில்லை, அழுகிற மாதிரி கேட்டார்.

"தண்ணி சரியில்ல ஷேக்."

எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். அதே பச்சை. ஒரு நுரை இல்லை, ஒரு வாடை இல்லை. நானே பொய் சொல்கிறேனோ என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது.

"நல்லாத்தானடா இருக்கு" என்றார் நகைக்கடைப் பெரியப்பா.

"பாத்தாத் தெரியாது பெரியப்பா. மேல மதகு திறந்திருக்கு. கஸ்ரா பேட்டைச் சாக்கடை மொத்தமும் வருது."

"இன்னைக்கு மட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. கரையில் நின்ற ஒவ்வொரு முகமும் எந்தெந்தப் பண்டிகைக்கு, எந்தெந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம் என்று யோசிப்பது தெரிந்தது. பின்வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பேய்க்கழுதை" என்றாள் லமீஸ். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "தெரிஞ்சிருந்தும் எங்கள உள்ள இறங்கவிட்டியா? அம்மா ஒவ்வொரு பண்டிகைக்கும் இங்கதான குடிக்கிறா? ஒத்தக் கிட்னியோட?"

"அவனைத் திட்டாத" என்றாள் அம்மா கரையிலிருந்து. துண்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள். "எனக்குத் தெரியும். அவன் சட்டைய யாரு துவைக்கிறா? மதகு திறந்த நாள்ல அதுல என்ன வாடை அடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா குடிச்ச?"

"ஆறு ஓடுதேடி. ஓடுற தண்ணி தன்னைத்தானே கழுவிக்கும்னுதான் எங்கம்மா சொன்னா. நானும் அப்படித்தான் நினைச்சேன்." அம்மா தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டாள். "உன்னை இறக்கும்போதும் அப்படித்தான்டி நினைச்சேன்."

லமீஸ் என் பக்கம் திரும்பினாள். கோபம் போய், அவள் கண்ணில் பயம் மட்டும் இருந்தது.

"அண்ணே, நான் குடிச்ச ரெண்டு கையும் எந்தத் தண்ணி? மதகுக்கு முன்னாடி உள்ளதா, பின்னாடி உள்ளதா?"

"தெரியல லமீஸ்."

ஸர்மத் திரும்ப ஆற்றுக்குள் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு போனான். சடங்குப்படி அவன் அவளைத் தொடக்கூடாத நேரம் அது. யாரும் தடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. குடல் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "ஆத்துலேருந்து" என்றாள். இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றினார்கள். அவள் சிறுநீர் போகிற அளவை நர்ஸ் பார்க்கும்போதெல்லாம் நான் நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவின் கிட்னி நிற்குமா நிற்காதா என்று அந்த முகத்தில்தான் தேட வேண்டியிருந்தது. ஸர்மத் ஊர் திரும்ப வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு வராந்தாவில் தூங்கினான். ஜப்பாரைக் கூப்பிட்டு நீ கொட்டினாயா என்று கேட்டேன். கொட்டவில்லை என்று பிள்ளை தலைமேல் சத்தியம் பண்ணினான். எருமைகளும் கொட்டிலில்தான் இருந்தனவாம். மதகா, ஆஸ்பத்திரிக் குழாயா, அதற்கும் மேலே இருக்கும் ஊர்களா என்று யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும் மதகைத் தவிர வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

ஷேக் முஹன்னா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"பஸ்ராவுலேருந்து இன்னொரு ஷேக் ஞாயித்துக்கிழமை வர்றார். முதல்ல என்னை முக்கி எடுப்பார். அப்புறம் புதுசாப் பொறந்த பிள்ளைங்க" என்றார்.

"பிள்ளைங்களா? இன்னுமா அங்க இறங்கப்போறீங்க?"

"வேற எந்த ஆறுடா இருக்கு நமக்கு? எல்லாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். மதகு திறந்தா நீ எனக்குப் போன் பண்ணணும். போன் வந்தா இறங்கமாட்டோம். வரலைன்னா இறங்குவோம்."

மதகு மட்டும்தான் காரணமா ஷேக் என்று கேட்க நினைத்தேன். அவர் கண்களைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. ஞாயிறு காலை டாக்டர் வந்து, கிட்னி தாக்குப்பிடித்துவிட்டது, இனி பயமில்லை என்றார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். லமீஸ் மட்டும் உதடு வெடித்துப்போய், "பசிக்குது. ஒரு வெள்ளரிக்காய் குடு" என்று என்னைச் சீண்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

விசிறி நின்றது. வராந்தா விளக்கு அணைந்தது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியபோது என் போன் அடித்தது.

"ஊர்ல எங்கயும் கரண்ட் இல்ல தம்பி" என்றார் அபூ கர்ரார். இந்த ஒரு வாரமாக அவர் கிண்டல் எதுவும் பேசுவதில்லை. "கிணறு விளிம்புக்கு வந்துருச்சு. போன தடவ உன்னைக் கேக்காமத் திறந்தேன். இன்னைக்குக் கேட்டுட்டுத் திறக்கலாம்னு. என்ன பண்ணட்டும்?"

அவர் மருமகள் கைக்குழந்தையோடு கட்டில்மேல் நின்றதை நினைத்தேன். இன்று பிள்ளைகளை இறக்கும் கோயில் துறையையும் நினைத்தேன். லமீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறங்கண்ணே" என்றேன்.

உடனே ஷேக்குக்குப் போட்டேன். மணி போனது. தண்ணீரில் இறங்கும்போது எங்கள் ஆட்கள் போனையும் செருப்பையும் கரையில் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். முழு மணியும் போய் அறுந்தது. பெரியப்பாவுக்குப் போட்டேன். அதுவும் அப்படித்தான்.

"எடுக்கலையா?" என்று கேட்டாள் லமீஸ்.

"எடுக்கல."

அவள் ஊசி ஏறியிருந்த கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஓடுண்ணே" என்றாள்.

நான் ஓடினேன். படியில் இறங்கும்போதும் காதில் மணி போய்க்கொண்டேதான் இருந்தது.